பிக் பண்ணுவதா, பிக் அப் பண்ணுவதா?

ஆங்கிலத்தில் வரும் 'பிக் அப்' (pick up) என்றாலே நம்ம ஓசூர் பக்கம் கம்பெனி வேன்தான் ஞாபகத்துக்கு வரும். வந்து ஏற்றிக்கொண்டு போவது என்ற அர்த்தம் சரிதான், ஆனால் மீ, யூ, ஹெர், இட் மாதிரி சின்னச் சொற்கள் வந்தால் அவை நடுவில்தான் உட்காரும்: 'த வேன் வில் பிக் மீ அப்'. 'பிக் அப் மீ' என்று சொல்லவே கூடாது. பார்சல் மாதிரி பெயர்ச்சொல் என்றால் நடுவில் வைத்தாலும், 'அப்'புக்குப் பின்னால் வைத்தாலும் ஓகே.

அப்புறம், அந்த 'அப்'பை விட்டுவிட்டால் விஷயமே மாறிவிடும். கிருஷ்ணகிரி மாந்தோப்பில் மரத்திலிருந்து காய் பறிப்பது 'பிக்', காற்றுக்கு உதிர்ந்து கிடப்பதைக் குனிந்து பொறுக்குவது 'பிக் அப்'. வெறும் பிக் என்றால் தேர்ந்தெடுப்பதும்தான்.

எனக்குப் பிடித்த பயன்பாடு வேறொன்று. ஓசூருக்கு வேலைக்குப் போனவர்கள் எந்த வகுப்புக்கும் போகாமல், கடையிலும் பஸ்ஸிலும் காதில் விழுந்ததை வைத்தே கன்னடமும் தெலுங்கும் பேசப் பழகிவிடுகிறார்களே, அதற்கு 'ஐ பிக்டு அப் கன்னடா அட் வொர்க்' என்று சொல்லிப் பாருங்கள், 'லேர்ன்டு' என்பதைவிட இதுதான் பொருந்தும்.

மாம்பழ சீசனில் வியாபாரம் சூடுபிடித்தால் 'சேல்ஸ் பிக்டு அப்', அவ்வளவுதான், நடுவில் எதையும் செருக வேண்டாம்.