அரசியல்வாதி கொதிப்பேற்றிப் பேசினால் எடைபோடுவது எப்படி

வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற அரை நிமிடக் கிளிப்பை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள், முதலில் முழுப் பேச்சையும் தேடிக் கேளுங்கள். சிங்களம் ஓடாதென்றால் ஒபிஸில் பக்கத்து மேசைக்காரரிடம் போனை நீட்டினால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பாராளுமன்றப் பேச்சென்றால், சபைப் பேச்சுகளின் எழுத்துப் பதிவான ஹன்சார்டில் கிடக்கும். அங்கே பேசியதற்கு வழக்குப் போட முடியாது, சிறப்புரிமை இருக்கிறது, வெளியே சொல்லப் பயப்படுவதைச் சிலர் உள்ளே போய்க் கொட்டுவதும் அதனால்தான்.

கைதானாரா இல்லையா என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிராக இலங்கையில் 2007இன் ஐசிசிபிஆர் சட்டம் (குடிசார், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் பேரில் வந்தது) இருக்கிறது, சரி, ஆனால் 2019இல் அதே சட்டத்தில் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரை மாதக்கணக்கில் உள்ளே வைத்தார்கள். மேடையில் கத்திய எத்தனையோ பேர் வெளியேதான் திரிந்தார்கள்.

பார்க்க வேண்டியது, பேசியவர் யார், முன்னால் நின்றது யார், அடி விழுந்தால் யார்மேல் விழும் என்பதை. வெறுப்புப் பேச்சை எடைபோட ஐநா 2012இல் ரபாத் செயற்திட்டத்தில் வைத்த ஆறு அளவுகோல்களிலும் இவையெல்லாம் வருகின்றன. 2022 மே 9ஐ எடுங்கள்: பிரதமரின் இல்லமான அலரி மாளிகைக்குள் பஸ் பஸ்ஸாக ஆதரவாளர்களைக் கூட்டி, பிரதமர் மகிந்த ராஜபக்ச பேசுகிறார், கூட்டம் வெளியே வந்து வாசலில் இருந்த, அரசாங்கத்துக்கு எதிரான போராட்டக் கூடாரங்களை உடைத்துவிட்டு, அப்படியே நடந்து காலிமுகத்திடலுக்குப் போய் அங்கிருந்த போராட்டக்காரரையும் அடிக்கிறது. இங்கே வார்த்தையை மட்டும் பிரித்தெடுத்து, இதில் தப்பு எங்கே என்று கேட்பவரிடம், அந்த நேரத்தில், அந்தக் கூட்டத்தை, அந்த இடத்தில் ஏன் கூட்டினார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்தது கஷ்டமானது: ஆளை மாற்றிப் பாருங்கள். 2018 ஜூலையில், புலிகள் மீண்டும் உருவாக வேண்டும் என்று விஜயகலா மகேஸ்வரன் யாழ்ப்பாணத்தில் பேசியபோது நம்மில் பலர் 'ஆதங்கத்தில் சொல்லிவிட்டார், பாவம்' என்று விட்டோம். அந்த நாட்களில் பெண்பிள்ளைகளுக்கு நடந்த கொடுமைகளால் வந்த கோபம், அதில் பொய் இல்லை. ஆனால் அவர் அப்போது இராஜாங்க அமைச்சர், நின்றது அரசாங்க மேடை. தெற்கில் ஒரு அமைச்சர் தன் ஊர்க் கோபத்தைக் காட்டி ஆயுதக்காரரைக் கூப்பிட்டிருந்தால் ஆதங்கம் என்று விட்டிருப்போமா? (விஜயகலா பதவி விலகினார். அந்த அளவுக்காவது நம் ஊரில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள்?)

அப்புறம் மறுநாளைக் கவனியுங்கள். 'யாருடைய மனமாவது புண்பட்டிருந்தால்' என்று தொடங்கும் வருத்தம் வருத்தமே இல்லை. தமிழ்ப் பத்திரிகைக்கு ஒன்று, சிங்களத் தொலைக்காட்சிக்கு ஒன்று என்று இரண்டு விளக்கம் கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பேசிய அதே கூட்டத்திடம், அதே மொழியில், அதே சத்தத்தில் திருத்திச் சொன்னாரென்றால் மட்டும் கணக்கில் எடுங்கள். அதுவரை அந்தக் கிளிப்பைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள், கண்டித்து அனுப்பினாலும் பேச்சு போய்ச் சேரத்தான் செய்யும்.