லித்துவேனிய மொழியில் ‘சம்மதம்’ சொல்வது எப்படி? ஆங்கிலம் வேண்டாம், வேற்றுமை போதும்

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில் வாடகைக்கு அறை தேடிக்கொண்டிருந்த முதல் வாரம். வீட்டுக்கார அம்மா வாடகையைச் சொன்னார். தண்ணீர், குளிர்கால வெப்பமூட்டல் எல்லாம் தனி என்றார். எனக்குச் சரிதான். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைப் பெருமையாக எடுத்துவிட்டேன்: “ஸுத்தின்க்கு யுஸ்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். ‘நீங்கள் சொன்னதற்குச் சம்மதம்’ என்று சொல்ல நினைத்தவன், ‘நான் உங்களைச் சந்திக்கிறேன்’ என்று சொல்லியிருக்கிறேன்.

தப்பு எங்கே நடந்தது என்று பிறகு உட்கார்ந்து யோசித்தேன். என்னிடம் இருந்த சொற்பட்டியலில் ‘அக்ரீ’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ‘ஸுத்திக்தி’ என்று ஒரே ஒரு சொல் இருந்தது. அது எந்த வேற்றுமையைக் கேட்கும் என்று பட்டியல் சொல்லவில்லை. ஆங்கிலம் வழியாகப் போனால் இந்தக் குழியில் விழாமல் தப்புவது கஷ்டம். தமிழ் வழியாகப் போனால் பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. எப்படி என்று படிப்படியாகக் காட்டுகிறேன்.

முதலில் உச்சரிப்பு பற்றி இரண்டு வரி. ‘ஸுத்தின்க்கு’ என்பதில் வரும் ‘க்கு’வை ‘பக்கு’ என்பது போல வல்லினமாகவே சொல்லுங்கள். ‘சங்கு’ போல மெலிய விடாதீர்கள். ‘தேல்’ என்று கீழே வரும் சொல்லில் ‘தேவி’யின் தே.

படி 1: ஆங்கிலச் சொல்லை மூடிவைத்துவிட்டுத் தமிழில் கேளுங்கள்

‘அக்ரீ’ ஒரு பெரிய அண்டா. அதற்குள் நாலைந்து பண்டம் கிடக்கிறது. பின்னால் ஒட்டுகிற ‘வித்’, ‘டூ’, ‘ஆன்’ என்ற சின்னச் சொற்களை வைத்துத்தான் எது எது என்று பிரிக்க வேண்டும். தமிழில் நாம் வினையையே மாற்றிவிடுகிறோம். கருத்தோடு உடன்படுகிறோம். வரச் சம்மதிக்கிறோம். தீர்மானத்தை ஆமோதிக்கிறோம். விலை பேசி முடிக்கிறோம். மாமியாரோடு ஒத்துப்போகிறோம், அல்லது போவதில்லை. கணக்கு ஒத்துவருகிறது.

லித்துவேனியரும் இப்படித்தான் பிரிக்கிறார்கள், ஏறக்குறைய இதே கோடுகளில். அதனால் ‘இதற்கு ஆங்கிலத்தில் என்ன’ என்று கேட்காமல் ‘இதைத் தமிழில் எந்த வினையால் சொல்வேன்’ என்று கேட்டுப் பழகுங்கள்.

படி 2: ஸுத்திக்தி. ஒரு வினை, மூன்று வேலை

அதிகம் தேவைப்படுவது இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம். ‘ஸுத்திக்தி’ என்பது அகராதி வடிவம். ‘நான்’ என்றால் ஸுத்தின்க்கு, ‘நீ’ என்றால் ஸுத்தின்க்கி. அவன், அவள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே ஸுத்தின்க்க. தமிழ் படிக்கிற வெளிநாட்டுக்காரர் இதைக் கேட்டால் பொறாமைப்படுவார். நிகழ்காலத்தில் நடுவே வருகிற ‘ன்’ இறந்தகாலத்தில் காணாமல் போய்விடும்: ஸுத்திக்கௌ, ‘சம்மதித்தேன்’. நம் ‘சம்மதிக்கிறேன்’ போலவே விகுதியிலேயே ‘நான்’ இருப்பதால் தனியாக ‘நான்’ சொல்ல வேண்டியதில்லை.

இப்போது வேற்றுமை. ‘உன்னோடு உடன்படுகிறேன்’ என்பதற்கு ‘ஸுத்தின்க்கு ஸு தவிமி’. இதில் ‘தவிமி’ நம் மூன்றாம் வேற்றுமை. மூன்றாம் வேற்றுமைக்கு நமக்கு ‘ஆல்’, ‘ஓடு’ என்று இரண்டு முகம் உண்டல்லவா? கத்தியால் வெட்டினான், தம்பியோடு வந்தான். லித்துவேனியத்திலும் அந்த இரண்டு வேலையையும் ஒரே வேற்றுமைதான் பார்க்கிறது. கருவி என்றால் வெறும் வேற்றுமை விகுதி போதும். கூட்டு என்றால் முன்னால் ‘ஸு’ என்ற ஒரு சொல் வேண்டும். அந்த ‘ஸு’வைத்தான் நான் வீட்டுக்கார அம்மாவிடம் விழுங்கிவிட்டேன். மரியாதையாகச் சொல்வதென்றால் ‘ஸு யுமிஸ்’, ‘உங்களோடு’.

இரண்டாவது வேலை, ஒரு காரியத்தைச் செய்ய ஒத்துக்கொள்வது. இதற்கு வேற்றுமையே வேண்டாம், வினையெச்சம் போல அடுத்த வினையின் அகராதி வடிவத்தைப் பக்கத்தில் வைத்தால் போதும். ஸுத்தின்க்கு பதேத்தி: உதவச் சம்மதிக்கிறேன். ஸுத்தின்க்கு அத்தெய்த்தி: வரச் சம்மதிக்கிறேன்.

மூன்றாவது வேலை சம்மதமே இல்லை. இரண்டாம் வேற்றுமையைப் பக்கத்தில் வைத்தால் பொருள் ‘சந்தித்தல்’ ஆகிவிடும். ஸுத்திக்கௌ த்ரௌகா: நண்பனைச் சந்தித்தேன். ஆக, ‘ஐ’யா ‘ஓடு’வா என்பதுதான் முழு வித்தியாசமும். தமிழில் ‘உங்களைச் சந்திக்கிறேன்’, ‘உங்களோடு உடன்படுகிறேன்’ என்று இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், எந்த வேற்றுமை எங்கே என்று காதே சொல்லிவிடும்.

இதிலிருந்து வருகிற பெயர்ச்சொல் ‘ஸுத்திக்கிமஸ்’, அதாவது சம்மதம், இசைவு. ஆங்கிலத்தில் ‘கன்சென்ட்’ என்று மருத்துவமனைப் படிவத்தில் கேட்பார்களே, அதற்கும் இதுதான். லித்துவேனிய வலைத்தளங்களில் குக்கீ அனுமதி கேட்கிற பெட்டியில் பொத்தான்மேல் ‘ஸுத்தின்க்கு’ என்று இருப்பதைப் பார்க்கலாம். யோசிக்காமல் அழுத்தி அழுத்தியே நான் இந்தச் சொல்லை மறக்காமல் இருக்கிறேன்.

படி 3: ப்ரித்தர்த்தி. ஒத்து ஊதுவது

இது நான்காம் வேற்றுமையைக் கேட்கும். ப்ரித்தரியு தௌ: உனக்கு ஆதரவு தருகிறேன், நீ சொல்வதை ஆமோதிக்கிறேன். மரியாதைக்கு ‘ப்ரித்தரியு யும்ஸ்’. நாமும் ‘யோசனைக்கு ஆதரவு’ என்று ‘கு’ போட்டுத்தானே சொல்கிறோம்.

ஸுத்திக்தியில் என் மனம் சேர்கிறது, ப்ரித்தர்த்தியில் வேறொருவர் சொன்னதற்கு என் குரலையும் கூட்டுகிறேன். லித்துவேனிய நாடாளுமன்றத்தின் பெயர் ஸெய்மஸ். அதன் 141 உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் ஒரு மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தால் செய்தித்தலைப்பு ‘ஸெய்மஸ் ப்ரித்தரே’ என்று தொடங்கலாம்.

இந்த வினைக்கு இன்னொரு பொருள் உண்டு: பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிப்பது. கிதார் வாசித்தபடி ஒருவர் பாடுபவருக்குத் துணை போனால் அதுவும் ப்ரித்தர்த்திதான். முதலில் இது எனக்கு விநோதமாக இருந்தது. அப்புறம்தான் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் சுருதி பிடித்து ஊதுகிற ஒத்து நினைவுக்கு வந்தது. ‘அவன் என்ன சொன்னாலும் இவன் ஒத்து ஊதுவான்’ என்று நாமும் அந்த வாத்தியத்தை வைத்துத்தானே ஆமோதிப்பைக் கிண்டல் செய்கிறோம்!

ஒரு எச்சரிக்கை. ஆங்கில ‘அப்ரூவ்’ எங்கே வந்தாலும் இதைப் போடாதீர்கள். அதிகாரி கையெழுத்திட்டு ஒரு பட்ஜெட்டையோ திட்டத்தையோ உறுதிசெய்வதற்கு ‘பத்விர்த்தின்த்தி’ என்று வேறு வினை இருக்கிறது.

படி 4: ‘தர்’ குடும்பம்

ப்ரித்தர்த்தியின் வேர் ‘தர்த்தி’. அதற்குச் ‘சொல்’, ‘உச்சரி’ என்று பொருள். முன்னால் ‘சேர்ந்து’ என்ற பொருளில் ‘ஸு’வை ஒட்டினால் ‘ஸுத்தர்த்தி’: ஒத்துப்போவது, ஒற்றுமையாக இருப்பது. மெஸ் ஸுத்தரியமெ என்றால் ‘எங்களுக்குள் ஒத்துப்போகிறது’.

நடுவில் ‘ஸி’ நுழைந்தால் ‘ஸுஸித்தர்த்தி’: பேசி முடிவுக்கு வருவது. இந்த ‘ஸி’ ‘தங்களுக்குள்’ என்பது போல ஒரு பொருள் தரும். எதைப் பற்றிப் பேசி முடித்தோம் என்பதை ‘தேல்’ என்ற சொல்லைப் போட்டு, அடுத்த பெயரை ஆறாம் வேற்றுமையில் வைத்துச் சொல்வார்கள். ஸுஸித்தரேம் தேல் கைனோஸ்: விலை பேசி முடித்தோம். கடையில், சந்தையில், பேரம் படிந்ததும் ‘ஸுஸித்தரேம்!’ என்ற ஒற்றைச் சொல்லே போதும். ‘ஸுத்தர்த்த!’ என்றாலும் அதேதான், நம் ‘சரி, முடிஞ்சது!’.

ஒப்பந்தப் பத்திரத்துக்கு ‘ஸுத்தர்த்திஸ்’. வாடகை ஒப்பந்தம் என்றால் நுவோமோஸ் ஸுத்தர்த்திஸ். உடன்படு, உடன்படிக்கை என்று நாம் ஒரே வேரிலிருந்து போவது போலவே.

இதே வேரில்தான் ‘ஸுத்தர்த்தினேஸ்’ என்ற பழைய பாட்டு வகைக்கும் பெயர். வடகிழக்கு லித்துவேனியாவில், பெரும்பாலும் பெண்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பாடுவது. 2010-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பெயர் ‘ஒத்திசைவு’ என்று இருக்கிறதே என்று இனிமையாக எதிர்பார்த்துக் கேட்டேன். அடுத்தடுத்த இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் உரசிக்கொண்டே போகின்றன! ஹார்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் பிடிபட்டது: ஒருத்தி இன்னொருத்தியின் சுரத்துக்கு நகர்ந்துவிடாமல் தன் சுரத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவதுதான் அவர்கள் கணக்கில் ஒத்துப்போவது.

படி 5: பொருட்கள் ஒத்துவருவது

ஆளுக்கு ஆள் இல்லை, பொருளுக்குப் பொருள். இரண்டு தேதியோ கருத்தோ ஒன்றாக அமைந்தால் ஸுத்தம்ப்ப. ஒன்று விதிமுறைக்குப் பொருந்தினால் அத்தித்தின்க்க, இது இரண்டாம் வேற்றுமை கேட்கும். எனக்கு வசதிப்படும் என்றால் ‘மன் தின்க்க’, நான்காம் வேற்றுமை. ‘அந்த ஊர்க் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பதையும் இதன் எதிர்மறையால் சொல்லலாம்: மன் நெத்தின்க்க. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்.

படி 6: மறுப்பும் கேள்வியும்

மறுப்புக்கு வினையின் தலையில் ‘நெ’: நெஸுத்தின்க்கு, நெப்ரித்தரியு. ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’ என்று நழுவ வேண்டுமானால் ‘நெப்ரியெஷ்தரௌயு’. நீளத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நடுவில் நம் ‘தர்’ வேர் தெரிகிறதா பாருங்கள். முன்னால் ‘எதிராக’ என்று பொருள் தருகிற ‘ப்ரியெஷ்’. ‘எதிர்த்துச் சொல்லவில்லை’, அவ்வளவுதான்.

கேள்விக்கு நாம் கடைசியில் ‘ஆ’ போடுகிறோம், அவர்கள் தொடக்கத்தில் ‘அர்’ போடுகிறார்கள். அர் ஸுத்தின்க்கத்தெ? சம்மதமா?

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பார்க்க, மறு வருடம் அதே அறைக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நடந்த பேச்சைத் தருகிறேன். வாடகை உயரும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கேட்டார்:

— அர் ஸுத்தின்க்கத்தெ?

— நெஸுத்தின்க்கு. அர் காலிமெ ஸுஸித்தர்த்தி தேல் கைனோஸ்?

சம்மதமில்லை, விலையைப் பற்றிப் பேசி ஒரு முடிவுக்கு வரலாமா என்றேன். (‘காலிமெ’யில் ‘காந்தி’யின் கா.) அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். ஒரு தொகையைச் சொன்னார்.

— ஸுத்தின்க்கு ஸு யுமிஸ்.

‘ஸு’வை அழுத்தியே சொன்னேன். அவருக்குப் பழைய கதை நினைவிருந்தது போல. சிரித்துக்கொண்டே “ஸுஸித்தரேம்” என்று சொல்லிப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.