புதுச் சாலை ஏன் சீக்கிரம் பழுதாகிறது: காரணத்தைக் கண்டறியும் முறை

போட்ட சில மாதங்களிலேயே சாலை பெயர்ந்துவிட்டால், தாரைக் குறைத்துவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல பழுதுகள் கண்ணுக்குத் தெரியாத அடியடுக்குகளில் தொடங்குவதால், காரணம் தெரியாமல் மேலே இன்னொரு தார் அடுக்கைப் போடுவது பணத்தை வீணாக்கும் வேலை.

முதலில் பழுதின் வடிவத்தைக் கவனியுங்கள். சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் போன்ற விரிசல் இருந்தால், அடித்தளம் வலுவிழந்திருக்கலாம் அல்லது அடுக்குகளின் கனம் சுமைக்குப் போதாமல் இருக்கலாம். ஜல்லி தனித்தனியாக உதிர்ந்தால், தார் குறைவா, ஜல்லியில் தூசி ஒட்டியிருந்ததா, கலவை ஆறிய பிறகு ரோலர் ஓட்டினார்களா என்று விசாரிக்க வேண்டும். மேலடுக்கு தகடாகப் பெயர்ந்து பழைய தளம் அப்படியே தெரிந்தால், இரண்டுக்கும் இடையில் பூச வேண்டிய மெல்லிய தார்ப்பூச்சு விடுபட்டிருக்கும், அல்லது தளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்யாமலே பூசியிருப்பார்கள். தார் மேலே கசிந்து பளபளத்தால் அது கூடிப்போனதன் அடையாளம்.

அடுத்து, மழை விட்ட மறுநாள் சாலையோரமாக நடந்து பாருங்கள். தார்ச் சாலைக்கு நடுவிலிருந்து ஓரம் நோக்கி, மீட்டருக்குச் சுமார் 2 முதல் 2.5 சென்டிமீட்டர் சரிவு வேண்டும். சரிவு சரியாக இருந்தும் ஓர மண் சாலையைவிட உயர்ந்திருந்தால் நீர் வெளியேற வழியின்றி அடியில் இறங்கும். ஊறிய அடித்தளம் தாங்கும் திறனை இழக்க, வாகனம் ஏறும்போதெல்லாம் சேறு விரிசல் வழியே மேலே பிதுங்கும். வடிகால் இல்லாத சாலையை எவ்வளவு நல்ல தாரும் காப்பாற்றாது.

கட்டுமானத்தின்போது நான் மிக முக்கியமாகக் கருதுவது மண்ணை இறுக்கும் வேலையைத்தான். மண்ணை 20 சென்டிமீட்டருக்கு மேல் கனமாகக் கொட்டிச் சாதாரண ரோலரை ஓட்டினால் மேற்பகுதி இறுகும், அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். ஈரம் குறைந்தாலும் கூடினாலும் மண் போதிய அளவு இறுகாது. இதைச் சோதிக்க, சிறு குழி தோண்டி எடுத்த மண்ணை எடைபோட்டு, குழியை அடர்த்தி தெரிந்த மணலால் நிரப்பி அதன் கொள்ளளவைக் கணக்கிட்டு, உலர் அடர்த்தியை ஆய்வகத்தில் கண்ட உச்ச அடர்த்தியோடு ஒப்பிடுவார்கள். அது குறைந்தது 95 விழுக்காடாவது இருக்க வேண்டும். மேலடுக்குகளுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்பதுண்டு. மேலே அடுத்த அடுக்கைப் போட்டு மூடுவதற்கு முன்பே இந்தச் சோதனை முடிய வேண்டும். பின்னால் எழுதப்படும் பதிவேட்டால் எந்தப் பயனும் இல்லை.

தார்க் கலவையிலும் இதே கண்டிப்பு தேவை. வழக்கமான கலவையின் சூடு 90 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குமுன் உருட்டி முடித்தாக வேண்டும். லாரி தாமதமானால் ஆறிய கலவையில் காற்றிடைவெளி மிகுந்து, நீரும் காற்றும் புகுந்து தாரை விரைவில் இறுகி உடையச் செய்யும்.

கட்டுப்படியாகாத விலைக்கு எடுத்த ஒப்பந்தமும், திறப்பு விழாத் தேதிக்காகக் காட்டும் அவசரமும்தான் இந்தக் குறைகளில் பலவற்றுக்கு வேர். அளவுக்கு மீறிய சுமை தனிக் காரணம்: அச்சுச் சுமை, அதாவது ஓர் அச்சில் பூட்டிய சக்கரங்கள் சாலையில் இறக்கும் எடை, இருமடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும் என்பது பொறியாளர்கள் பின்பற்றும் கணக்கு.

கடைசியாக, தளத்தை உருளையாக வெட்டி எடுத்து, கனத்தையும் அடர்த்தியையும் அளக்கச் சொல்லுங்கள். பழுதான இடத்தில் மட்டும் எடுத்தால் போதாது. அதே சாலையில் நன்றாக இருக்கும் பகுதியிலும் எடுத்து ஒப்பிட்டால்தான் எந்த அடுக்கில் தவறு நடந்தது என்பது புலப்படும்.