பிரியாணிக் கடைக்குச் சீரகச் சம்பா விற்க மெயில் எழுதுவது எப்படி?

மன்னார்குடி, நீடாமங்கலம், திருத்துறைப்பூண்டி பக்கம் பாரம்பரிய நெல் போடுகிறவர்களுக்கு விளைவிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விற்பதில்தான் தடுமாறுகிறோம். வியாபாரி சொன்ன விலைக்கு மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு, அதே அரிசி கோவையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேள்விப்படும்போது வயிறு எரிகிறது. நேரடியாக ஹோட்டலுக்கே விற்கலாம், அதற்கு முதல் மெயிலை ஒழுங்காக எழுத வேண்டும்.

வாட்ஸ்அப் போதாதா என்று கேட்பீர்கள். சின்னக் கடைக்குப் போதும். கொஞ்சம் பெரிய கடையில் அரிசி வாங்குகிறவர் ஒருவர், சமைத்துப் பார்க்கிற மாஸ்டர் ஒருவர், பணம் தருகிற முதலாளி ஒருவர். மெயில் இந்த மூன்று பேரிடமும் எழுதியது எழுதியபடி போகும், மூன்று மாதம் கழித்துத் தேடினாலும் கிடைக்கும்.

முதல் படி: கடையைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

பத்துக் கடை போதும், நூறு வேண்டாம். ஒவ்வொரு கடையின் மெனுவையும் பாருங்கள்: சீரகச் சம்பாவா, பாஸ்மதியா? பாஸ்மதி மட்டும் போடுகிற கடையை விட்டுவிடுங்கள். அப்புறம் கூகுள் மேப்பில் சாப்பிட்டவர்கள் எழுதியதைப் படியுங்கள். "சாதம் குழைந்துவிட்டது" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தால் அந்தக் கடைக்கு உங்கள் அரிசி தேவைப்படலாம். ஆனால் "உங்கள் கடையில் சாதம் குழைகிறதாமே" என்று மெயிலில் எழுதிவிடாதீர்கள், அவர் மனம் புண்படும். தெரிந்துகொண்டதை மனதில் வைத்து எழுதினால் போதும்.

மெயில் முகவரிக்குக் கடைக்கே போன் போட்டு, "அரிசி வாங்குறது யாருங்க, அவங்க மெயில் ஐடி கிடைக்குமா" என்று கேளுங்கள். பொது முகவரிக்குப் போகிற மெயிலை யார் திறப்பார்கள் என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: சப்ஜெக்ட் லைன்

போனில் முதல் ஐந்தாறு வார்த்தைகள்தான் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். "வணிக வாய்ப்பு" என்று வந்தால் நீங்களே திறக்க மாட்டீர்கள். பிரியாணி மாஸ்டர் அரிசியைக் கையில் எடுத்ததும் கேட்கிற கேள்வி "புதுசா, பழசா?" என்பதுதான். புது அரிசி குழையும், பழசானால்தான் உதிரியாக வரும். அந்தக் கேள்விக்கான பதிலையே சப்ஜெக்டில் போடுங்கள்: "ஒரு வருடம் பழைய சீரகச் சம்பா, 2 கிலோ சாம்பிள்".

மூன்றாம் படி: மெயில்

நிறையப் பேர் வழுக்குகிற இடம் இது. ராஜராஜன் காலம், தஞ்சை நெற்களஞ்சியம், தாத்தா முப்பாட்டன் விவசாயம் என்று இரண்டு பத்தி போய்விடும், அரிசி வருவதற்குள் அவர் மெயிலை மூடிவிடுவார். நம் மண்ணின் பெருமை எனக்கும் பெரிதுதான், அதைச் சாம்பிள் பிடித்தபிறகு நேரில் பேசலாம். முதல் மெயிலில் இவ்வளவு போதும்:

"வணக்கம் சார்,

உங்கள் கடையில் சீரகச் சம்பா பிரியாணிதான் போடுகிறீர்கள் என்று மெனுவில் பார்த்தேன். மன்னார்குடி பக்கம் எங்கள் வயலில் விளைந்த சீரகச் சம்பாவை நெல்லாகவே ஒரு வருடம் வைத்திருந்து இப்போது அரைத்திருக்கிறோம். கல், குருணை நீக்கியது. 25 கிலோ சிப்பமாக 40 சிப்பம் கையில் இருக்கிறது. கோவை வரை வண்டி வாடகை சேர்த்து கிலோ ____ ரூபாய்.

ஒரு சட்டி போட்டுப் பார்க்க 2 கிலோ இலவசமாக அனுப்பட்டுமா? முகவரி மட்டும் சொன்னால் போதும்."

கீழே உங்கள் பெயர், ஊர், போன் எண், உணவுப் பாதுகாப்புத் துறை கொடுத்த 14 இலக்க FSSAI எண்.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்குத் தொடர்பு கொள்ளவும்" என்றால் இன்னொரு போன் போடுகிற வேலையை அவர் தலையில் வைக்கிறீர்கள். கையிருப்பையும் உள்ளபடி சொல்லுங்கள், 40 சிப்பம் என்றால் 40தான். 2023 பிப்ரவரி தொடக்கத்தில் நம் பக்கம் அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் மழையில் சாய்ந்ததெல்லாம் வாங்குகிறவர்களுக்கும் தெரியும், பாதியில் சரக்கு நின்றுவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. கடைசியில் கேட்பது ஒரே கேள்வி, அதற்கு அவர் ஒரு வரியில் பதில் போட முடிய வேண்டும். சாம்பிள் வேண்டுமா, ஆர்டர் எவ்வளவு, நேரில் வரட்டுமா என்று மூன்றையும் சேர்த்துக் கேட்டால் எதற்கும் பதில் வராது.

இன்னொன்று, கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா விற்கிறவர்கள் கவனியுங்கள்: "சர்க்கரை நோய் குணமாகும்" என்று எழுதவே கூடாது. உணவு விளம்பரங்களுக்கான 2018 விதிமுறைகள் நோயைக் குணமாக்கும் என்று சொல்வதை அனுமதிப்பதில்லை. சட்டம் இருக்கட்டும், நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர் ஒருவர் இருந்தாலும் அது பாவம்.

நான்காம் படி: அனுப்புவது

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேர் வரை அனுப்பலாம், அதற்காக 500 பேருக்கும் ஒரே மெயிலைத் தட்டிவிட்டால் ஸ்பேமில்தான் போய் விழும். பகல் 12 முதல் 3 வரை ஹோட்டல்காரருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காலை 10 மணி வாக்கில், செவ்வாய் புதனில் அனுப்புங்கள். உள்ளங்கையில் அரிசியை வைத்து வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு போட்டோ போதும்.

ஐந்தாம் படி: பதில் வராவிட்டால்

ஐந்து நாள் பொறுத்து, அதே மெயிலின் கீழேயே எழுதுங்கள். "என் மெயில் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்காமல் புதிதாக ஒரு விஷயம் சொல்லுங்கள்: சமைத்த சாதத்தின் போட்டோ, அல்லது "அடுத்த வாரம் கோவைக்கு லோடு வருகிறது, அதிலேயே சாம்பிளைப் போட்டுவிடுகிறேன்" என்கிற மாதிரி. அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த சரக்கு அரைக்கும்போது ஒருமுறை எழுதுங்கள். வேண்டாம் என்று சொன்னவருக்கு நன்றி சொல்லி நிறுத்திவிடுங்கள்.

சரி என்று பதில் வந்தால் அன்றைக்கே பார்சல் போடுங்கள். பையின் மேல் ரகம், எந்த வருட அறுவடை, எப்போது அரைத்தது, விலை, போன் எண் எல்லாம் எழுதி ஒட்டுங்கள், பார்சலைப் பிரிக்கிற மாஸ்டர் உங்கள் மெயிலைப் பார்த்திருக்க மாட்டார். பார்சல் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள் மாலை 4 மணிக்கு மேல் போன் போட்டு, எவ்வளவு தண்ணீர் வைத்தார், சாதம் எப்படி வந்தது என்று அவரிடமே கேளுங்கள்.