மழை சீசன்ல இம்யூனிட்டிக்குன்னு வாங்குறவங்க பண்ற தப்புகள்: மெடிக்கல் கவுண்டர்ல நின்னு பாத்தது

ஐப்பசி பொறந்து நாலு மழை விழுந்தா போதும், எங்க மெடிக்கல்ல சளி மருந்து கேட்டு வர்றவங்கள விட "சளி வராம இருக்க ஏதாவது குடுங்க"ன்னு வர்றவங்க ஜாஸ்தியாயிடுவாங்க. கொரோனாவுக்கு முன்னாடி இப்படி இல்ல, ஒரு நீலகிரி தைலம், ஒரு பாம் டப்பா, அவ்ளோதான் சீசன் வியாபாரம். இப்ப போன்ல லிஸ்ட்டோட வர்றாங்க. ஜிங்க், வைட்டமின் சி, டி3, மஞ்சள் கேப்சூல், டீ ட்ரீ ஆயில், டிஃப்யூசர்ல (வாசனை எண்ணெயக் காத்துல பரப்புற மெஷின்) ஊத்த லெமன்கிராஸ் ஆயில். 2020ல நாங்களும் இதையெல்லாம் வீட்ல அடுக்கி வச்சு மாத்தி மாத்தி முழுங்கினவங்கதான், அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க எந்த இடத்துல வழுக்குவாங்கன்னு முகத்தப் பாத்தாலே தெரிஞ்சிடும். எக்ஸ்பைரி தேதி பாருங்க, டாக்டரக் கேளுங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத இங்க எழுதப் போறதில்ல.

சளி புடிச்சப்புறம் வைட்டமின் சி ஆரம்பிக்கிறது

மூக்கு ஒழுக ஆரம்பிச்சப்புறம் வந்து 500 மில்லிகிராம் சப்புற மாத்திரை வாங்கிட்டுப் போறதுல லாபம் இல்ல. வருஷம் முழுக்க தினமும் எடுக்கிறவங்களுக்குக்கூட சளி வர்றது குறையல, வந்த சளி பெரியவங்களுக்கு 8 சதவீதம் அளவுக்கு சீக்கிரம் போகுது, அதாவது ஏழு நாள் சளி ஆறரை நாள்ல போகும், அவ்ளோதான் விஷயம். ஆரஞ்சு வாசனையில மிட்டாய் மாதிரி இருக்கேன்னு பசங்க கைக்கு எட்டுற இடத்துல வைக்காதீங்க. கிட்னில கல்லு வந்த ஹிஸ்டரி இருக்கிறவங்க பெரிய டோஸ் பக்கமே போகாதீங்க.

ஜிங்க்க மாசக்கணக்குல இழுக்கிறது

கடையில பரவலா கிடைக்கிற ஜிங்க் மாத்திரை 50 மில்லிகிராம். பெரியவங்களுக்கு தினசரி உச்ச வரம்புன்னு சொல்றதே 40தான். சீசன்ல பத்து நாள் போட்டுட்டு விட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா "நல்லதுதான"ன்னு தீபாவளிக்கு ஆரம்பிச்சு சித்திரை வரைக்கும் ஓட்டுறவங்க இருக்காங்க. ஜிங்க் அதிகமானா குடல்ல காப்பர் ஏறாது, ரத்தம் குறையும், கால் மரத்துப் போகும், அது எதனாலன்னு கண்டுபுடிக்கவே நாளாகும்.

இன்னொண்ணு, மழைக்காலத்துல எலிக்காய்ச்சல் சந்தேகத்துக்கு டாக்ஸிசைக்ளின் நிறைய எழுதுவாங்க. அந்த மாத்திரையையும் ஜிங்க்கையும் ஒரே மடக்குல முழுங்கினா ஜிங்க் அதப் புடிச்சுக்கிட்டு ரத்தத்துல ஏறுறதக் குறைச்சிடலாம். ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் விடுங்க. இத எந்தக் கவர்லயும் யாரும் எழுதித் தர்றதில்ல.

வாரத்துக்கு ஒண்ணு போட வேண்டியத தினத்துக்கு ஒண்ணு போடுறது

உண்மையச் சொன்னா இத எழுதத்தான் உக்காந்தேன். வைட்டமின் டி3, 60,000 யூனிட் கேப்சூல். ஒரு அட்டைல நாலு இருக்கும். ஏன் நாலுன்னு யாராவது யோசிச்சிருக்கீங்களா? வாரம் ஒண்ணு, மாசத்துக்கு நாலு, அதுக்காகத்தான் கம்பெனிக்காரன் அப்படி போட்டு வச்சிருக்கான்.

ஒரு பெரியவர் திங்கக்கிழமை வந்து ஒரு அட்டை வாங்கிட்டுப் போனாரு. வெள்ளிக்கிழமை திரும்ப வந்து அதே அட்டைய நீட்டுறாரு, நாலு குழியும் காலி.

"என்ன சார், இப்பதான வாங்கிட்டுப் போனீங்க?"

"தீந்து போச்சு தம்பி, நாலுதான இருக்கு அதுல. இனிமே பத்து அட்டையா குடுத்துடு, சும்மா சும்மா வர முடியல."

பத்து அட்டை! உள்ள கூப்பிட்டு உக்கார வச்சுக் கேட்டா, சீட்டு எதுவும் கிடையாது, மச்சான் போடுறாராம், மழைக்காலத்துல வெயிலே இல்லல்ல அதனால இது போட்டா நோய் அண்டாதுன்னு மச்சான் சொன்னாராம், மச்சானுக்கு டாக்டர் எழுதினது வாரம் ஒண்ணு, ஆனா அந்த "வாரம்" மட்டும் ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கயோ விழுந்துடுச்சு. இதோட காலைல முட்டி வலிக்கு கால்சியம் மாத்திரை, அதுலயும் டி3 கலந்துருக்கு. நைட்டு மீன் எண்ணெய் மாத்திரை, அது காட் லிவர் ஆயில், அதுலயும் டி. அவருக்கு நாலோட நிப்பாட்டியாச்சு, ஒண்ணும் ஆகல.

இன்னொரு அம்மாவுக்கு அப்படி இல்ல. அவங்க எங்க கடையில ஒரு அட்டை, பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு அட்டை, பையன் ஆன்லைன்ல ஒரு அட்டைன்னு வாங்கி தினமும் ஒண்ணு மாசக்கணக்குல போட்டிருக்காங்க, அதனால எந்தக் கடைக்காரனுக்கும் கணக்கு தெரியல. முதல்ல மலச்சிக்கல், அதுக்கு பவுடர். அப்புறம் வாந்தி, அதுக்கு கேஸ் மாத்திரை. தண்ணி தண்ணியா குடிக்கிறாங்க, ராத்திரி பூரா பாத்ரூம் போறாங்கன்னு சுகர் டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல். கடைசியா பேச்சுல தடுமாற்றம் வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரில கால்சியம் பாத்திருக்காங்க, 14க்கு மேல. இருக்க வேண்டியது பத்து பத்தரைக்குள்ள. கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினினும் ஏறிடுச்சு. அட்மிட் பண்ணி டிரிப்ஸ் ஏத்தி இறக்க வேண்டியதாச்சு. அவ்ளோ நாளும் அவங்க பையன் எங்ககிட்ட வாங்கிட்டுப் போன கேஸ் மாத்திரைக்கு கணக்கே இல்ல.

ஏன் இப்படி ஆகுதுன்னா, வைட்டமின் சி மாதிரி இது மிச்சமானா ஒண்ணுக்குல போற சாமான் இல்ல. கொழுப்புல கரையிறது, உடம்புக் கொழுப்புல போய் உக்காந்துக்கும், மாத்திரைய நிறுத்தினப்புறமும் வாரக்கணக்குல மாசக்கணக்குல கசிஞ்சுக்கிட்டே இருக்கும். இதோட வேலையே குடல்லேர்ந்து கால்சியத்த இழுத்து ரத்தத்துல விடுறது. அளவு மீறினா இழுத்துக்கிட்டே இருக்கும், அந்தக் கால்சியம் கிட்னிய அடைக்கும்.

கணக்கும் போட்டுப் பாத்துக்கோங்க. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவைன்னு நம்ம ஐசிஎம்ஆர் (மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு) 2020ல சொன்னது 600 யூனிட். டாக்டர் கண்காணிப்பு இல்லாம தினமும் தாண்டக் கூடாதுன்னு வெளிநாட்டுல வச்சிருக்கிற வரம்பு 4,000. நீங்க தினமும் 60,000 போட்டா முதல் கணக்குக்கு நூறு மடங்கு, ரெண்டாவதுக்கு பதினஞ்சு மடங்கு.

எனக்கு எரிச்சல் வர்றது வாங்குறவங்க மேல இல்ல. அவங்களுக்குத் தெரிஞ்ச அத்தன சத்து மாத்திரையும் தினம் ஒண்ணுதான், இது மட்டும் வாரம் ஒண்ணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கவுண்டர்ல நிக்கிறவங்க மேலதான் கோவம். புதுசா வேலைக்கு வர்ற பையன் சீட்டப் பாப்பான், கட கடன்னு கவர்ல 1-0-0ன்னு எழுதி, சாப்பிட்டப்புறம்னு டிக் அடிச்சு நீட்டிடுவான். அந்த ஒண்ணு சைபர் சைபர் இருக்கே, அதுக்கு அர்த்தம் தினமும் காலைல ஒண்ணு. கூட்ட நேரத்துல ரெண்டு செகண்ட் மிச்சம் பண்றதுக்காக ஒருத்தர் கிட்னிய அடகு வைக்கிற வேலை அது. எத்தன தடவ சொன்னாலும் அடுத்த பையனும் அதேயேதான் எழுதுறான்.

அதனால வாங்குறவங்களே ஒரு வேலை பண்ணுங்க. அட்டைய வாங்கின உடனே கடையிலயே மார்க்கர் வாங்கி நாலு குழிக்குப் பின்னாடியும் நாலு ஞாயித்துக்கிழமை தேதிய எழுதிடுங்க. எண்ணெய், நெய் இருக்கிற சாப்பாட்டோட போடுங்க, அப்பதான் ஒழுங்கா ஏறும். வழக்கமா எட்டு வாரம் சொல்லுவாங்க, அதுக்கப்புறமும் நீங்களா இழுக்காம ரத்தத்துல டி அளவு பாருங்க. 20க்குக் கீழ இருந்தா குறைபாடு, 150 தாண்டினா விஷம். 6 லட்சம் யூனிட் ஊசின்னு ஒண்ணு இருக்கு, அத யாராவது போட்டுவிட்டிருந்தா கேப்சூல் பக்கம் தல வைக்காதீங்க, முதல்ல டாக்டர்கிட்ட ஊசி போட்டதச் சொல்லுங்க.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இன்னும் கவனம் வேணும். குழந்தைக்குக் குடுக்கிற சொட்டு மருந்து ஒரு நாளைக்கு 400 யூனிட், அதையே ஒரு மில்லிக்கு 400ன்னும் 800ன்னும் ரெண்டு விதமா விக்கிறாங்க. பெரியவங்களுக்கு 5 மில்லி குட்டி பாட்டில் வருது, அது முழுசும் ஒரே டோஸ், 60,000. ரெண்டும் ஒரே அலமாரில இருந்தா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

இத்தனையும் பண்ணி சளி வராம நிக்குதான்னா, அதுவும் இல்ல. 2017ல வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, டி ரொம்ப ரொம்ப கம்மியா இருக்கிறவங்களுக்கு சின்ன டோஸ் ஒழுங்கா குடுத்தா மூச்சுக்குழாய் தொற்று குறையுதுன்னு சொல்லுச்சு. அப்புறம் இன்னும் பெரிய ட்ரையல்களச் சேத்துப் பாத்ததுல அந்த லாபமும் தேஞ்சு போச்சு. மொத்தமா அள்ளிப் போட்டா லாபம்னு அந்த முதல் தொகுப்புகூட சொல்லல.

ஆவி புடிக்கிறது

கொதிக்கிற பாத்திரத்த மடியில, கட்டில்ல, குழந்த பக்கத்துல வைக்காதீங்க. வெந்து போய் வர்ற பசங்கள ஒவ்வொரு சீசன்லயும் பாக்குறோம்.

தேங்காண்ணெயில கற்பூரம் காய்ச்சி கைக்குழந்தைக்குத் தடவுறது

இதச் சொன்னா பாட்டிங்களுக்குக் கோவம் வரும், பரவால்ல. நெஞ்சுல தடவி, போதாததுக்கு ஒரு துணில கற்பூரத்த முடிஞ்சு கழுத்துலயோ தொட்டில்லயோ கட்டி விடுவாங்க. கற்பூரம் தோல் வழியா ரத்தத்துல ஏறும், மூச்சு வழியாவும் ஏறும், சின்னக் குழந்தைக்கு காய்ச்சலே இல்லாம பிட்ஸ் வர வைக்கும். கடையில விக்கிற பாம்ல கற்பூரம் 11 சதவீதம் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்காக்காரன் எண்பதுகள்லயே சட்டம் போட்டுட்டான், நம்ம அடுப்புல காய்ச்சுற எண்ணெய்க்கு சதவீதக் கணக்கு யாரு பாக்குறா? டப்பாவுல வர்ற வேப்பர் ரப்லகூட ரெண்டு வயசுக்குக் கீழ வேணாம்னு பொடி எழுத்துல போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க. ஜி6பிடி குறைபாடு (ரத்த சிவப்பணுவக் காக்குற ஒரு என்சைம் பொறப்புலயே கம்மி) இருக்கிற குழந்தையா இருந்தா ரத்தமே உடைஞ்சு மஞ்சக்காமாலை ஆகும்.

யூகலிப்டஸ் எண்ணெயும், அதாவது நீலகிரி தைலமும், இதே ஜாதிதான். சக்கரைல ரெண்டு சொட்டு விட்டுக் குடுத்தா சளி கரையும்னு ஒரு வைத்தியம் சுத்திக்கிட்டு இருக்கு, தயவுசெஞ்சு வேணாம். குழந்தை ஒரு டீஸ்பூன் அளவு முழுங்கினா மயக்கம், பிட்ஸ் வரைக்கும் போகும், சில நேரம் அரை மணி நேரத்துக்குள்ளயே. அந்தக் குட்டி பாட்டிலும் இருமல் மருந்து பாட்டிலும் ராத்திரி கரண்ட் போன நேரத்துல கைக்கு ஒண்ணாத்தான் தெரியும், அதனால தைலம் சமையல்கட்டு அலமாரில, மருந்து டப்பாவுல இருக்கவே கூடாது. முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, உப்புத் தண்ணி குடுக்காதீங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயிடும். பாட்டிலக் கையில எடுத்துக்கிட்டு நேரா ஜிஹெச்சுக்கு ஓடுங்க.

வலிப்பு இருக்கிற பெரியவங்களும் பாம், தைலம், ஆவி எல்லாத்துலயும் ஜாக்கிரதையா இருங்க. யூகலிப்டஸ், கற்பூரம் ரெண்டுமே வலிப்பத் தூண்டுதுன்னு பெங்களூர் நரம்பு டாக்டர்கள் நிறைய கேஸ் எழுதியிருக்காங்க.

டிஃப்யூசர்

ஆஸ்துமா இருக்கிற வீட்ல மூடின ரூம்ல ராத்திரி பூரா ஓட விடாதீங்க. பூனை வளக்குறவங்க டீ ட்ரீ ஆயில வாங்கவே வாங்காதீங்க.

லேபிள் இல்லாத ஊட்டி பாட்டில்

ஊட்டி சுத்திப் பாத்துட்டு வர்றப்ப ரோட்டோரத்துல வாங்குற தைலம்தான். என்ன கலந்திருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. கொசு விரட்ட வச்சுக்கோங்க, உடம்புல தடவாதீங்க.

கபசுரக் குடிநீர காபி மாதிரி குடிக்கிறது

நான் சித்த மருந்துக்கு எதிரி இல்ல, எங்க வீட்லயும் நிலவேம்பு பொடி இருக்கு. ஆனா 2020ல தெருத்தெருவா வண்டில ஊத்தினப்ப ஆரம்பிச்சு இன்னும் தினமும் காலைல ஒரு டம்ளர் விடாம குடிக்கிற ஆளுங்க இருக்காங்க. கபசுரத்துல பதினஞ்சு சரக்கு இருக்கு, அதுல சீந்தில் தண்டும் ஒண்ணு. அதே சீந்தில தனியா மாசக்கணக்குல எடுத்தவங்களுக்கு ஈரல் வீங்கினத 2021ல மும்பை டாக்டர்கள் எழுதினாங்க, ஆயுஷ் அமைச்சகம் அத மறுத்துச்சு, சண்ட ஓயல. எப்படி இருந்தாலும் ஈரல் கோளாறு இருக்கிறவங்களும் தைராய்டு, சரவாங்கி மாதிரி ஆட்டோ இம்யூன் (எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குற) வியாதிக்காரங்களும் இத விளையாட்டா எடுக்காதீங்க. சுகர் மாத்திரை போடுறவங்க நிலவேம்பு குடிச்சா சுகர் இன்னும் இறங்கலாம், செக் பண்ணிக்கோங்க. கர்ப்பிணிங்களுக்கு வேணவே வேணாம். காலைல காய்ச்சினத சாயங்காலம் சூடு பண்ணியும் குடிக்காதீங்க, அன்னன்னைக்கு அப்பப்ப காய்ச்சணும்.

மஞ்சள் கேப்சூல்

குழம்புல போடுற மஞ்சள் வேற, மிளகுச்சத்து சேத்த கேப்சூல் வேற. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறவங்க தொடாதீங்க.

ஊசிய மறந்துட்டு அலமாரிய நிரப்புறது

மேல சொன்ன அத்தனையும் பில்லு போட்டா ஒரு குடும்பத்துக்கு மாசம் ரெண்டாயிரம் சுலபமா தாண்டும். அதே வீட்ல சுகர் இருக்கிற அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி போட்டாச்சான்னு கேட்டா, "அப்படி ஒண்ணு பெரியவங்களுக்கும் இருக்கா"ன்னு திருப்பிக் கேக்குறாங்க. இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவ. வயசானவங்க, சுகர், ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவங்க, கர்ப்பிணிங்க எல்லாரும் டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கலாம். போட்டு ரெண்டு வாரம் ஆகும் எதிர்ப்பு சக்தி வர, அதனால அடைமழைல நனைஞ்சுக்கிட்டு வந்து கேக்காதீங்க, புரட்டாசிலயே போட்டுடுங்க.