சத்தம் வராத பிசி, கையைக் கடிக்காத விலையில்

என் பழைய கம்ப்யூட்டர் எவ்வளவு இரைச்சல் போடுகிறது என்பது எனக்கே உறைத்தது ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்குத்தான். அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை அணைத்தாச்சா என்று பார்த்துவிட்டு வந்து, "எங்கேயோ என்னமோ ஓடிக்கிட்டே இருக்குதேடா" என்றாள். ஓடிக்கொண்டிருந்தது என் மேஜைக்கு அடியில். பகலில் சீலிங் ஃபேன் ஐந்தில் சுற்றும்போது இது காதிலேயே விழாது, ராத்திரி இரண்டில் வைத்ததும் கேட்க ஆரம்பித்துவிடும்.

அடுத்த மெஷினை நானே பார்த்துப் பார்த்து வாங்கினேன். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்களுக்குக் கொஞ்சம் காசும் சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடையும் மிச்சமாகலாம்.

முதலில் ஒன்று. வெளிநாட்டு ரிவ்யூக்களில் டெஸ்ட் பண்ணும் அறை பெரும்பாலும் 20, 22 டிகிரியில் இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற என் அறையில் மே மாத ராத்திரி 34. ப்ராசஸரின் சூட்டை இறக்க எப்பேர்ப்பட்ட கூலர் போட்டாலும் அறையில் இருக்கிற காற்றைத்தானே அது ஊத முடியும், அதனால் அவர்களுக்கு 62 டிகிரி காட்டுகிற ப்ராசஸர் நமக்கு 74 காட்டும். ஃபேன் அதற்கேற்ப வேகமெடுக்கும். "ரொம்ப சைலன்ட்" என்று அவர்கள் சொன்ன பொருள் சென்னையில் சத்தம் போட இதுவே காரணம். சூடு குறைவாக வரும் பார்ட்ஸை எடுத்துவிட்டு, மிச்சப் பணத்தைக் கூலரிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் (வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்ப மாற்றித் தரும் பெட்டி) போடுங்கள். நான் செய்தது அவ்வளவுதான்.

ப்ராசஸர். பிரவுசர், ஆபீஸ் வேலை, கொஞ்சம் கோடிங், படம் பார்ப்பது, எப்போதாவது ஃபோட்டோ எடிட்டிங் என்றால் திரையில் படம் காட்டத் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம், கார்டு இல்லையென்றால் அதன் ஃபேனும் இல்லை. ஆனால் அதற்கு ப்ராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்க வேண்டும், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஏஎம்டி ரைசன் 5 5600ஜி-யில் கிராபிக்ஸ் உண்டு, 5600-ல் கிடையாது. இன்டெல் ஐ3-12100-ல் உண்டு, கடைசியில் எஃப் போட்ட 12100எஃப்-இல் கிடையாது. கடைக்காரர் "ஆயிரம் ரூபா கம்மி சார், அதே ப்ராசஸர்தான்" என்று நீட்டுவது அநேகமாக எஃப்-ஆகத்தான் இருக்கும். நான் எடுத்தது 5600ஜி. ஆறு கோர், 65 வாட். பயாஸில் (கம்ப்யூட்டரைப் போட்டதும் திறக்கக்கூடிய செட்டிங் பக்கம்) இதை 45 வாட்டுக்கு இறக்கி வைக்கலாம் என்பது எனக்குப் பெரிய காரணமாக இருந்தது, இறக்கிய பிறகு அன்றாட வேலையில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. பெரிய வீடியோவை கன்வர்ட் பண்ணினால் மட்டும் கொஞ்சம் கூட நேரம் ஆகும், போய் ஒரு டீ போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.

ராம் (தற்காலிக நினைவகம்) பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதில் சுற்றுவது எதுவும் கிடையாது. ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடுங்கள். உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, இரண்டு குச்சி இருந்தால் அதன் வேகம் நன்றாகவே ஏறும். 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறிவிட்டதால், பழைய மெஷினில் டிடிஆர்4 வகை ராம் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், 5600ஜி-க்கு அதுவே போதும்.

ப்ராசஸர் பெட்டியோடு வரும் ஸ்டாக் கூலரால் சூட்டைச் சமாளிக்க முடியும், சத்தத்தைத்தான் முடியாது. சின்ன ஃபேன், நிறையக் காற்று தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுற்றித்தான் ஆக வேண்டும். ஃபேன் கணக்கு ஒன்று இருக்கிறது: ஒரே ஃபேனின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றும் சுமார் இரட்டிப்பாகும், ஆனால் சத்தம் கிட்டத்தட்ட 15 டெசிபல் ஏறிவிடும். 10 டெசிபல் ஏறினாலே நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும். அதனால் பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுவதே லாபம். 120 மில்லிமீட்டர் ஃபேன் வைத்த, செங்குத்தாக நிற்கும் டவர் கூலர் ஒன்று போதும். டீப்கூல் ஏஜி400, தெர்மல்ரைட் அசாசின் எக்ஸ் 120 மாதிரி, கடைக்குக் கடை மாறினாலும் இரண்டாயிரத்தை ஒட்டி வரும். 45 வாட் ப்ராசஸருக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரி கதையின் நேர் தலைகீழ், அந்தக் கூலருக்கு வேலையே இருக்காது. அதுதான் நமக்கு வேண்டும். வாங்கும் முன் கூலரின் உயரத்தை மட்டும் பாருங்கள், ஏஜி400 சுமார் 150 மில்லிமீட்டர், ஒல்லியான கேபினெட் (எல்லாவற்றையும் மாட்டும் பெட்டி) என்றால் பக்கத்து மூடி சாத்தாது. வாட்டர் கூலிங் பக்கமே போகாதீர்கள், பம்ப் என்று ஒரு புதுச் சத்தத்தைக் காசு கொடுத்து வாங்கியதாகும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றி நான் கொஞ்சம் புலம்பித்தான் ஆக வேண்டும். அம்மாவை எழுப்பிவிட்ட அந்தச் சத்தம் கடைசியில் இதிலிருந்துதான் வந்தது என்று கண்டுபிடித்தேன். "கேபினெட்டோட ஃப்ரீ சார்" என்று ஒரு கடையில் கொடுத்தது. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட். கழற்றிய பிறகுதான் பக்கவாட்டில் இருந்த சின்ன அட்டவணையைப் படித்தேன், 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்குங்கள், 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கார்டும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட்டில்தான், மற்றதெல்லாம் ஸ்டிக்கருக்கு அழகு. கையில் தூக்கினால் காலி டிபன் பாக்ஸ் மாதிரி இருந்தது. உள்ளே 80 மில்லிமீட்டர் ஃபேன், சூட்டைப் பார்த்து வேகத்தை மாற்றும் வழக்கமெல்லாம் அதற்குக் கிடையாது, போட்டதும் முழு வேகம்.

ஆகவே கடையில் பெட்டியைத் திறந்து அந்த அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். 450 வாட் என்றால் 12 வோல்ட்டில் 35 ஆம்பியருக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அகலமான பக்கத்தில் 120 மில்லிமீட்டர் ஃபேன் இருக்க வேண்டும், 80 ப்ளஸ் பிரான்ஸ் (Bronze, வெண்கலம்) என்ற தர முத்திரை இருக்க வேண்டும். பிரான்ஸ் என்றால் பாதி லோடில் குறைந்தது 85 சதவீதம் கரண்ட் வேலைக்குப் போகிறது, மீதிதான் சூடாகிறது என்று அர்த்தம். கார்டு இல்லாத 5600ஜி மெஷின் முழு மூச்சில் ஓடினாலும் 120 வாட்டைத் தாண்டுவது அபூர்வம், அதனால் 450-க்கு மேல் போய் 650, 750 என்று வாங்குவது வீண். அதற்கு மேல்படியான கோல்டு முத்திரையும் வேண்டாம். லோடு இவ்வளவு குறைவாக இருக்கும்போது நல்ல பிரான்ஸ் யூனிட்டின் ஃபேன் ஓடுகிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

கேபினெட்டில் கண்ணாடி முகப்பு, கலர் லைட் எல்லாம் வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று ஓரத்து இடுக்கு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும், ஃபேன் மூச்சு முட்டிக் கத்தும். முன்னால் வலை, அதற்குள் கழற்றிக் கழுவக்கூடிய டஸ்ட் ஃபில்டர், இது இரண்டும் இருந்தால் சரி. லைட்டோடு மூன்று ஃபேன் இலவசமாக வருகிற கேபினெட்டுகளில் அந்த ஃபேன் பெரும்பாலும் மதர்போர்டில் (ப்ராசஸரும் ராமும் உட்காரும் பலகை) மாட்டவே வராது, நேரே எஸ்எம்பிஎஸ் வயரில் போகும், வேகத்தைக் குறைக்க வழியே இருக்காது. அதற்குப் பதில் ஆர்க்டிக் பி12 மாதிரி, மதர்போர்டால் வேகத்தை மாற்றக்கூடிய 4 பின் ஃபேன் இரண்டு: முன்னால் ஒன்று உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள. இரண்டையும் ஒரே வேகத்தில் விடாமல் நூறு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு நூறு சுற்று) வித்தியாசம் வையுங்கள். கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் இரண்டு ஃபேன் ஓடினால் "ஊம்... ஊம்..." என்று ஒரு அலை ஏறி இறங்கும், தொடர்ந்து வருகிற சத்தத்தைவிட அது ரொம்பப் படுத்தும்.

ஹார்டு டிஸ்க் வேண்டாம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் நொடிக்கு 120 சுற்று, அந்த அதிர்வு கேபினெட் தகரத்தில் இறங்கி மேஜை வரைக்கும் வரும். சுற்றும் பாகமே இல்லாத 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று போதும். கல்யாண வீடியோ, பழைய ஃபோட்டோ எல்லாம் இருக்கிற டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டு, தேவைப்படும்போது மட்டும் செருகிக்கொள்ளுங்கள்.

கேம் விளையாடியே தீருவேன் என்பவர்களுக்கு ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டின் 6 ஜிபி மாடல், சுமார் 70 வாட், பெரும்பாலான கார்டுகளுக்குத் தனி பவர் வயர்கூட வேண்டாம். இரண்டு ஃபேன் இருக்கிறதாக, லோடு இல்லாதபோது ஃபேனே நின்றுவிடுகிறதாகப் பார்த்து எடுங்கள்.

எல்லாம் மாட்டியாச்சு, ஆனாலும் ஃபேன் சும்மா சும்மா ஏறி இறங்குகிறதா? பயாஸைத் திறக்காமல் விட்டிருப்பீர்கள். மதர்போர்டு கம்பெனி வைத்து அனுப்புகிற அளவு குளிர் ஊருக்கானது, 50 டிகிரியிலேயே ஃபேனை முடுக்க ஆரம்பித்துவிடும், நமக்கோ சும்மா இருக்கும்போதே ப்ராசஸர் 45-ல் இருக்கிறது. நான் வைத்திருப்பது இப்படி: 65 டிகிரி வரை 30 சதவீதம், 78-ல் 55, 88-ல் முழு வேகம். 5600ஜி 95 வரை தாங்கும் என்று கம்பெனியே சொல்கிறது, பயப்பட வேண்டாம். கூடவே ஃபேன் வேகம் மாற எடுக்கும் நேரம் என்று ஒரு அமைப்பு பல போர்டுகளில் இருக்கும், அதை நான்கைந்து நொடி ஆக்குங்கள். ஒரு வெப்சைட் திறந்ததற்கெல்லாம் உறுமுவது அன்றோடு நிற்கும்.

அப்புறம் ஒரு அசட்டுத்தனம். புது மெஷின் போட்டு ஒரு வாரம், ஏதோ மெல்லிய "ம்ம்ம்" கேட்டுக்கொண்டே இருந்தது. கூலரை இரண்டு தரம் கழற்றி மாட்டினேன், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்தான் வீணானது. கடைசியில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணிய பிறகும் சத்தம் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த யுபிஎஸ், அதன் டிரான்ஸ்ஃபார்மர் மரப்பலகையோடு சேர்ந்து அதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் பழைய செருப்பு ரப்பரை வெட்டி வைத்தேன், போச்சு.

எனவே எதையும் கழற்றும் முன், எது கத்துகிறது என்று பார்த்துவிடுங்கள். மூடியைத் திறந்து, ஃபேனின் நடுவில் ஸ்டிக்கர் ஒட்டிய வட்டத்தை விரல் நுனியால் மெதுவாக அழுத்தி இரண்டு நொடி நிறுத்துங்கள், இறக்கையைத் தொடக்கூடாது. சத்தம் நின்றால் அதுதான் ஆள். நிற்கவில்லையா, அடுத்த ஃபேன். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் இந்த வேலை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் கரண்ட் நிற்கும். அதில் சத்தம் என்றால் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு.