கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து: கிளாட் கோடில் செஷன்களைக் கையாளுவது எப்படி?

குலசேகரத்தில் இருக்கும் சித்தப்பாவின் ரப்பர் கணக்குக்காக கிளாட் கோடில் (பேசிப் பேசியே புரோகிராம் எழுத உதவும் ஆந்த்ரோபிக்கின் ஏஐ கருவி) ஒரு சின்ன புரோகிராம் எழுதி வருகிறேன். ரப்பர் ஷீட்டுக்கு ஒரு விலை, ஒட்டுப்பாலுக்கு (மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து ஒட்டியிருக்கும் பால்) வேறு விலை. எடையைப் போட்டால் தொகை வர வேண்டும். ஐப்பசி மழையில் கரண்ட் போய், பேட்டரியும் தீர்ந்து லேப்டாப் அணைந்துவிட்டது. அரை நாள் பேசியதெல்லாம் போயிற்று என்றே நினைத்தேன். போகவில்லை, அது தானாகவே சேமித்து வைத்திருந்தது.

1. வேலைக்கென்று தனி ஃபோல்டர் வையுங்கள். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் திரை) சிடி என்ற ஃபோல்டர் மாற்றும் கட்டளையைப் போட்டு அதற்குள் போன பிறகே கிளாட் என்று அடியுங்கள். செஷன்கள், அதாவது கிளாட்டுடனான உரையாடல்கள், ஃபோல்டர் வாரியாகத்தான் சேமிக்கப்படும். அன்று கரண்ட் வந்ததும் நான் ஹோம் ஃபோல்டரில் நின்றபடியே தேடினேன். பழைய உரையாடல் கிடைக்கவில்லை. ரப்பர் ஃபோல்டருக்குள் போய்த் தேடியதும் வந்துவிட்டது.

2. கடைசி உரையாடலைத் தொடர: கிளாட், ஒரு இடைவெளி, இரண்டு ஹைஃபன், அதை ஒட்டி கன்டினியூ. அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் கன்டினியூவுக்குப் பதில் ரெஸ்யூம். பட்டியல் வரும், அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்டுங்கள்.

3. பட்டியலில் நாலைந்து சேர்ந்தால் எது எதுவென்று குழம்பும். அதனால் செஷனுக்குள்ளேயே ஸ்லாஷ் ரீநேம் போட்டு, 'ஷீட் விலை' என்பதுபோல ஒரு பெயர் வைத்துவிடுங்கள்.

4. எடைக் கணக்கு முடிந்து ரசீது அச்சிடும் வேலைக்குப் போகிறீர்களா? ஸ்லாஷ் கிளியர். புதிய பேச்சு தொடங்கும், பழையது ரெஸ்யூம் பட்டியலில் பத்திரமாக இருக்கும். அதே வேலை நீண்டுகொண்டே போனால் ஸ்லாஷ் காம்பாக்ட். இதுவரை பேசியதை அது சுருக்கி வைத்துக்கொள்ளும். சரி, சுருக்கும்போது நுணுக்கங்கள் விடுபடலாம். எனவே "ஒட்டுப்பாலுக்கு ஷீட் விலையைப் போடக் கூடாது" போன்ற விதிகளை ஃபோல்டரில் கிளாட் டாட் எம்டி என்ற கோப்பில் எழுதிவிடுகிறேன் (கிளாட் என்பது முழுக்கப் பெரிய எழுத்தில்). ஒவ்வொரு செஷனும் தொடங்கும்போது அதைப் படித்துக்கொள்ளும்.

அப்புறம், நீங்கள் அமைப்பை மாற்றாவிட்டால் பழைய செஷன்கள் 30 நாளில் அழிந்துவிடும். எழுதிய புரோகிராம் அழியாது, பேச்சுதான் போகும். அதையும் அன்றன்றே கிட்டில் (மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்துவிட்டு லேப்டாப்பை மூடுங்கள்.